'வயசாச்சு, மறதி சகஜம்தானே?' - அப்பா, அம்மாவின் ஞாபகம் குறைவது வீட்டில் இருப்பவர்களுக்கே ஏன் கடைசியில் தெரிகிறது?

மந்தைவெளியில் ஒரு அடுக்குமாடி வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பா, வயது 74. காலையில் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடை, வரும் வழியில் கொஞ்சம் காய்கறி, வீட்டுக்கு வந்ததும் பேப்பர். பல வருஷப் பழக்கம்.

ஒருநாள் பேப்பர் போடுபவர் மகனிடம் தயங்கித் தயங்கிச் சொல்கிறார்: "சார், அப்பா இந்த மாசக் காசை மூணு தடவை கொடுத்துட்டார். ஏற்கெனவே வாங்கிட்டேன்னு சொன்னா கோவப்படறார்."

மகனுக்கு நம்ப முடியவில்லை. அப்பா வீட்டில் நன்றாகத்தானே இருக்கிறார்?

கொஞ்சம் யோசித்தால் காரணம் புரியும். கரண்ட் பில்லை மகன் மொபைலில் கட்டிவிடுகிறார். காலை, இரவு மாத்திரைகளை மருமகள் டப்பாவில் பிரித்து வைத்துவிடுகிறார். வங்கிக்குப் போகவேண்டிய வேலையே இல்லை. டாக்டரிடம் போனால்கூட பேசுவது மகன்தான். அப்பா தப்பு செய்வதற்கு வீட்டில் ஒரு வேலையும் மிச்சம் இல்லை. அவர் கையில் இருந்த ஒரே கணக்கு, பேப்பர் காசு. அங்கேதான் விஷயம் வெளியே வந்திருக்கிறது.

இது ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் கதை அல்ல, விளக்கத்துக்காகச் சொன்னது. ஆனால் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் இருக்கும் பலருக்கும் இது தெரிந்த வீடாகத்தான் இருக்கும். 'நல்லா பார்த்துக்கிறோம்' என்பதே சில நேரம் நோயை மறைத்துவிடுகிறது. அது எப்படி, என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம்.

சென்னையில் நடந்த ஆய்வு சொன்னது என்ன?

டிமென்ஷியா என்பது ஒரே நோயின் பெயர் அல்ல. ஞாபகம், யோசிக்கும் திறன், பேச்சு, நடத்தை எல்லாம் படிப்படியாகக் குறைந்து, அன்றாட வேலையைச் செய்ய முடியாத நிலைக்கு வருவதைக் குறிக்கும் பொதுப்பெயர். அல்சைமர் அதில் அதிகம் காணப்படும் வகை. மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் பாதிக்கப்படுவதால் வருவது இன்னொரு முக்கியமான வகை.

நம் ஊரில் எத்தனை பேருக்கு இது இருக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிய பெரிய சர்வதேச ஆய்வுகளில் ஒன்று தமிழ்நாட்டிலும் நடந்தது. '10/66 டிமென்ஷியா ஆய்வுக் குழு' என்று பெயர். டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள், ஆனால் ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அங்கே நடப்பதில்லை என்பதுதான் அந்தப் பெயருக்குக் காரணம்.

7 நாடுகளில், 65 வயதைத் தாண்டிய கிட்டத்தட்ட 15,000 பேரை வீடு வீடாகப் போய்ப் பரிசோதித்தார்கள். இந்தியாவில் தேர்ந்தெடுத்த இரண்டு இடங்களும் தமிழ்நாட்டில்தான்: நகர்ப்புறத்துக்குச் சென்னை, கிராமப்புறத்துக்கு வேலூர். சென்னைப் பகுதியில் இந்தப் பணியில் இருந்தது, டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958-ல் தொடங்கிய தரமணி வி.எச்.எஸ். மருத்துவமனை.

2008-ல் 'லான்செட்' இதழில் முடிவுகள் வந்தன. வழக்கமான அமெரிக்க அளவுகோலை வைத்துப் பார்த்தபோது, கியூபாவில் 6.3 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருந்தது. இந்தியக் கிராமப்புறத்திலோ வெறும் 0.3 சதவீதம். 'பரவாயில்லையே, நமக்கு வராது போல' என்று தோன்றும்.

ஆனால் எல்லா நாட்டுக்கும் பொருந்தும்படி அந்தக் குழு உருவாக்கிய தன் சொந்த அளவுகோலை வைத்துப் பார்த்ததும் படம் மாறிவிட்டது. எந்த இடத்திலும் 5.6 சதவீதத்துக்குக் கீழே போகவில்லை, அதிகபட்சம் 11.7 சதவீதம்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? வழக்கமான அளவுகோல்படி டிமென்ஷியா என்று சொல்ல, 'இவரால் முன்பு செய்த வேலைகளை இப்போது செய்ய முடியவில்லை' என்று தெரியவேண்டும். அதைச் சொல்லவேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள். நம் வீடுகளில் பெரியவர்களிடம் நாம் வேலையே எதிர்பார்ப்பதில்லை. 'நீங்க உட்காருங்கப்பா, நான் பார்த்துக்கறேன்' என்பதுதான் மரியாதை. எதையும் செய்யச் சொல்லாத இடத்தில், செய்ய முடியாமல் போனது எப்படித் தெரியும்?

2023-ல் வெளியான இன்னொரு தேசிய அளவிலான ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம். தமிழ்நாடு வேகமாக முதிர்ந்துவரும் மாநிலம். 2021-ல் நம் மக்கள்தொகையில் 60-ஐத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம் என்றும், 2031-ல் அது 18.2 சதவீதம் ஆகும் என்றும் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் அறிக்கை கணித்திருக்கிறது. ஆறு பேரில் ஒருவருக்கும் மேல்.

எது சாதாரண மறதி? எது கவனிக்கவேண்டியது?

வயதானால் பெயர் சட்டென்று வாயில் வராது, கண்ணாடியை வைத்த இடம் மறக்கும். இதற்கெல்லாம் பயப்படத் தேவையில்லை. மறந்தது கொஞ்ச நேரம் கழித்தாவது ஞாபகத்துக்கு வருகிறதா, அன்றாட வாழ்க்கை பாதிக்கப்படுகிறதா என்பதுதான் பார்க்கவேண்டியது.

- சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது சாதாரணம். சாவி அரிசி டப்பாவுக்குள் இருப்பதும், அதை வேறு யாரோ வைத்ததாகச் சொல்வதும் கவனிக்கவேண்டியது.

- கல்யாணத்துக்கு வந்த தூரத்து உறவினரின் பெயர் மறப்பது சாதாரணம். போன வாரம் அந்தக் கல்யாணத்துக்கே போனது ஞாபகம் இல்லை என்றால் கவனிக்கவேண்டியது.

- மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்துப் பாதையை மாற்றியதால் லஸ் கார்னரிலோ பனகல் பார்க்கிலோ வழி குழம்புவது சாதாரணம். நமக்கே குழம்புகிறது. ஆனால் நாற்பது வருஷமாக நடந்த சொந்தத் தெருவில் எந்தப் பக்கம் திரும்புவது என்று நின்றுவிட்டால் கவனிக்கவேண்டியது.

- சாம்பாரில் என்றாவது உப்பு மறப்பது சாதாரணம். வாழ்நாள் முழுக்கச் செய்த சாம்பாரில் புளிக்கு அடுத்து என்ன போடவேண்டும் என்று அம்மா யோசித்து நின்றால், அல்லது 'இப்பல்லாம் சமைக்கப் பிடிக்கலை' என்று திடீரென விலகினால் கவனிக்கவேண்டியது.

- கேட்ட கதையையே தாத்தா மறுபடி சொல்வது சாதாரணம். 'சாப்பாடு ஆச்சா?' என்று பத்து நிமிஷத்தில் நாலு தடவை கேட்டு, கேட்டதே ஞாபகம் இல்லை என்றால் கவனிக்கவேண்டியது.

மறதியாக வராத அறிகுறிகளும் உண்டு. எப்போதும் சுத்தமாக உடுத்துபவர் அழுக்கு வேட்டியோடு இருப்பது. கலகலப்பானவர் விசேஷங்களைத் தவிர்ப்பது. சிக்கனமானவர் போனில் பேசிய யாரிடமோ ஓ.டி.பி.யைச் சொல்லிப் பணத்தை இழப்பது. சாயங்காலம் ஆனால் பதற்றம் கூடுவது.

சந்தேகம் இன்னொன்று. 'என் வளையலை வேலை செய்யற பொண்ணு எடுத்துட்டா' என்று அம்மா உறுதியாகச் சொல்வார். வைத்த இடம் மறந்துபோனதை, மூளை 'திருட்டு' என்று நிரப்பிக்கொள்கிறது. அம்மா வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. ஆனால் அதை நம்பி, வருஷக்கணக்காக வேலை பார்த்த ஒருவரை வெளியே அனுப்பிவிட்டால், இழப்பு அவருடைய வாழ்க்கை. முதலில் வீட்டைத் தேடுங்கள். இப்படி அடிக்கடி நடந்தால், போகவேண்டிய இடம் டாக்டர்.

எல்லா மறதியும் டிமென்ஷியாவா?

இல்லை. 'வயசாச்சு' என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு முதல் காரணமே இதுதான். மறதிக்குப் பின்னால் சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கலாம்.

பி12 குறைபாடு: இந்தச் சத்து இறைச்சி, மீன், முட்டை, பாலில்தான் இயற்கையாகக் கிடைக்கிறது. சுத்த சைவமாக இருந்து, வயதாகி, பாலும் குறைத்துவிட்டவர்களுக்குக் குறைய வாய்ப்பு அதிகம். சர்க்கரைக்காகப் பல வருஷம் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறையலாம். ரெண்டும் சேர்ந்த வீடுகள் நம் ஊரில் நிறைய.

தைராய்டு, சோடியம்: இவை குறைந்தாலும் மந்தம், குழப்பம் வரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

மன அழுத்த நோய்: துணையை இழந்த பிறகு, பிள்ளைகள் வெளிநாடு போன பிறகு, பெரியவர்களுக்கு வரும் மனச்சோர்வு பல நேரம் மறதியாகத்தான் வெளியே தெரியும்.

காது: சொன்னது காதில் விழவே இல்லை என்றால் ஞாபகம் எப்படி இருக்கும்?

மாத்திரைகள்: தூக்க மாத்திரை, சில அலர்ஜி மாத்திரைகள், சில சிறுநீர்ப் பிரச்சினை மாத்திரைகள் குழப்பத்தை உண்டாக்கலாம்.

தலையில் அடி: குளியலறையில் வழுக்கி விழுந்து, 'ஒண்ணும் ஆகலை' என்று எழுந்துவிடுவார்கள். சில வாரம் கழித்துக் குழப்பம் தொடங்கினால் மூளையைச் சுற்றி ரத்தக் கசிவு இருக்கலாம். ஸ்கேன் அவசியம்.

ஒரு எச்சரிக்கை. நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று உளறினால், ஆளைத் தெரியாமல் போனால் அது டிமென்ஷியாவின் வேகம் அல்ல. டிமென்ஷியா பொதுவாக மாதங்கள், வருஷங்கள் எடுத்து வரும். திடீர் குழப்பத்துக்குக் காரணம் சிறுநீர்த் தொற்று, பக்கவாதம், சர்க்கரை இறங்குவது என எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

சென்னையில் எங்கே போவது?

முதலில் உங்கள் குடும்ப டாக்டர். அவரிடம் 'கொஞ்சம் மறதி' என்று சொன்னால் போதாது. ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, என்ன நடந்தது, எத்தனை தடவை. சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். டாக்டர் முன்னால் அப்பா ஜம்மென்று பேசிவிடுவார், அதனால் இந்த நோட்டு முக்கியம்.

அடுத்த கட்டமாக நரம்பியல், மனநலம் அல்லது முதியோர் நல மருத்துவரைப் பார்க்கலாம். இந்தியாவில் முதியோர் மருத்துவத்துக்கு வழிகாட்டிய ஊர்களில் சென்னை முக்கியமானது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1978-லேயே முதியோருக்கான புறநோயாளர் பிரிவு தொடங்கியது. 1996-ல் இந்தத் துறைக்கு எம்.டி. படிப்பும் வந்தது. இதற்கு அடித்தளம் போட்ட டாக்டர் வி.எஸ். நடராஜனுக்கு 2012-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அரசு மருத்துவமனை என்றால், அடையாறு, தி.நகர்க்காரர்களுக்குப் பக்கத்தில் இருப்பது கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் உள்ள தேசிய முதியோர் நல மருத்துவமனை. 200 படுக்கைகள் கொண்ட இது 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் முதியோர் பிரிவு இருக்கிறது. தொண்டு நிறுவனங்களில், அண்ணா நகர் மேற்கில் உள்ள 'ஸ்கார்ஃப்' டிமென்ஷியாவுக்கென்று தனிச் சேவை நடத்துகிறது.

பரிசோதனையில் என்ன நடக்கும்? இன்று என்ன தேதி, இது எந்த இடம், சொன்ன வார்த்தைகளைத் திரும்பச் சொல்லுங்கள், கடிகாரம் வரையுங்கள் என்ற மாதிரி கேள்விகள். பிறகு ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் ஸ்கேன். அதிகம் படித்தவர்கள் ஆரம்பக் கட்டத்தில் இந்தக் கேள்விகளைச் சமாளித்துவிடலாம். பள்ளிக்கே போகாதவர்கள் நோய் இல்லாமலும் குறைந்த மதிப்பெண் வாங்கலாம். அதனால் ஒரு டெஸ்ட் மார்க்கை மட்டும் வைத்து முடிவு செய்யமாட்டார்கள்.

அல்சைமரை முழுதாகக் குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லை. டோனெபெசில், மெமன்டின் போன்ற மாத்திரைகள் சிலருக்கு அறிகுறிகளைக் கொஞ்ச காலம் கட்டுக்குள் வைக்க உதவும். மருந்தில்லாத பயிற்சியும் உண்டு. சின்னக் குழுவாக உட்கார்ந்து சாப்பாடு, சின்ன வயசு நினைவுகள், நாட்டு நடப்பு பற்றிப் பேசியும் விளையாடியும் மூளைக்கு வேலை கொடுக்கும் 14 அமர்வுப் பயிற்சி இங்கிலாந்தில் உருவானது. அதை நம் ஊர் வாழ்க்கைக்கு ஏற்ற மாதிரி மாற்றியமைத்த வேலை சென்னையில், ஸ்கார்ஃபில் நடந்தது.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

'உங்களுக்கு மறதி நோய் வந்துடுச்சு, வாங்க டாக்டர்கிட்ட போலாம்' என்று தொடங்கினால் அங்கேயே முடிந்துவிடும். சின்ன வயசிலிருந்து நமக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவரிடம் 'உங்க மூளை சரியில்லை' என்று சொல்கிறோம். கோபம் வராமல் இருக்குமா?

'சுகர், பிரஷர் பார்த்து ஒரு வருஷம் ஆச்சுப்பா, அப்படியே ஒரு முழு செக்கப் பண்ணிடலாம்' என்று அழைத்துப் போகலாம். அது பொய்யும் இல்லை. பிள்ளைகளைவிட, அவர் மதிக்கும் ஒருவர் சொன்னால் கேட்பார் என்றால் அவரைச் சொல்லவையுங்கள்: பழைய ஆபீஸ் நண்பர், தம்பி, ரொம்ப நாள் பார்த்த டாக்டர்.

அதைவிட முக்கியம், நாம் செய்யாமல் இருக்கவேண்டியது. விருந்தாளி வந்தால், 'பாட்டி, இது யாருன்னு சொல்லு பார்ப்போம்?' என்று பரீட்சை வைப்பது நம் ஊர்ப் பழக்கம். அன்பில் கேட்பதுதான். ஆனால் பதில் தெரியாமல் நாலு பேர் முன்னால் பாட்டி முழிக்கும் அந்த நிமிஷம் அவருக்கு அவமானம். 'பாட்டி, நான் ரமா மாமி பேத்தி, மாம்பலத்துலேர்ந்து வந்திருக்கேன்' என்று நாமே சொல்லிவிட்டால் போயிற்று.

திரும்பத் திரும்பக் கேட்டால், 'இப்பதானே சொன்னேன்!' வேண்டாம். அவருக்கு அது முதல் தடவை. சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே 'வீட்டுக்குப் போகணும்' என்று சொன்னால், 'இதுதான் வீடு' என்று வாதாடுவதால் பயன் இல்லை. அவர் தேடுவது ஒருவேளை சின்ன வயசு வீடாக இருக்கலாம். 'அங்க யாரெல்லாம் இருப்பாங்க?' என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு வேறு பக்கம் போகும், பதற்றமும் குறையும்.

எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்ளவும் வேண்டாம். கீரை ஆய்வது, துணி மடிப்பது, பூ கட்டுவது என்று முடிந்ததைச் செய்யவிடுங்கள்.

கையெழுத்து: யாரும் முன்கூட்டி யோசிக்காத விஷயம்

சீக்கிரம் கண்டுபிடிக்கவேண்டும் என்பதற்கு மருத்துவத்துக்கு வெளியேயும் ஒரு பெரிய காரணம் இருக்கிறது. தன் பணம், வீடு, சிகிச்சை பற்றி அப்பாவே முடிவு சொல்லக்கூடிய காலம் கொஞ்சம்தான்.

பல குடும்பங்கள் நினைப்பது: 'அப்பா என் பேர்ல பவர் எழுதிக் கொடுத்திருக்கார், பிரச்சினை இல்லை.' இங்கேதான் சிக்கல். இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 201-ன்படி, பவர் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்துவிட்டால் அந்த முகவர் உறவு பொதுவாக முடிந்துவிடும். எந்த நாளுக்காக எழுதி வாங்கினோமோ, அந்த நாள் வரும்போது அந்தப் பத்திரம் கைகொடுக்காது.

உயிலும் அப்படித்தான். எழுதும் நேரத்தில் மனத்தெளிவு இருக்கவேண்டும் என்கிறது இந்திய வாரிசுரிமைச் சட்டம் பிரிவு 59. டிமென்ஷியா வந்துவிட்டது என்பதாலேயே ஆரம்பக் கட்டத்தில் ஒருவர் எழுதும் உயில் செல்லாது என்று ஆகிவிடாது. ஆனால் தாமதமாக ஆக, பின்னால் கேள்வி வரும். மருத்துவரின் சான்றோடு, பதிவு செய்து எழுதுவது பாதுகாப்பு.

மனத்தெளிவு போன பிறகு என்ன வழி? டிமென்ஷியா உள்ள ஒருவருக்குச் சட்டப்பூர்வக் காப்பாளரை எளிதாக நியமிக்க நம்மிடம் தனிச் சட்டம் இல்லை. நீதிமன்றம்தான் போகவேண்டும். 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. கணவர் கோமாவில், சிகிச்சைக்குப் பணம் வேண்டும், சொத்து அவர் பெயரில். இரு நீதிபதிகள் அமர்வு மனைவியைக் காப்பாளராக நியமித்து, சொத்தை விற்கவும் அனுமதித்தது. அதற்குமுன் தனி நீதிபதி அவரைச் சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லியிருந்தார். மருத்துவமனை பில் ஏறிக்கொண்டிருக்கும்போது இத்தனை படிகள்.

மயிலாப்பூர், தி.நகரில் பழைய ஃப்ளாட்டுகளை இடித்துப் புதிதாகக் கட்டும் பேச்சு வந்தால், முதலில் கேட்பது உரிமையாளரின் கையெழுத்து. என்னவென்று புரியாத அம்மாவின் கையைப் பிடித்துப் போட வைக்கும் கையெழுத்து செல்லாது, வழக்கிலும் முடியும்.

நோய் ஆரம்பத்திலேயே தெரிந்தால் பேச நேரம் இருக்கிறது. வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக்குவது, நாமினி சரிபார்ப்பது, இன்ஷூரன்ஸ், லாக்கர் விவரங்களை எழுதிவைப்பது, உயில். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 'மனநோய்' என்பதற்கான விளக்கத்தில் ஞாபக சக்தியைக் கடுமையாகப் பாதிக்கும் நிலையையும் சேர்த்திருக்கிறது. 'எனக்கு எந்த மாதிரி சிகிச்சை வேண்டும், யார் எனக்காகப் பேசவேண்டும்' என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும் அது உரிமை தருகிறது. முக்கியமான விஷயம்: இதையெல்லாம் அப்பாவைச் சுற்றி நின்று முடிவு செய்யாமல், அவரைக் கேட்டு முடிவு செய்யலாம்.

பெரியவர்களுக்கான பாதுகாப்பும் தெரிந்திருக்கட்டும். 2007-ம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டம் பிரிவு 23-ன்படி, கடைசிவரை பார்த்துக்கொள்ளவேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை வாங்கிக்கொண்டு கைவிட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

அப்பா வழி தவறிவிட்டால்?

அல்சைமர் உள்ள அப்பா காணாமல் போவதும் மகன் தேடி அலைவதும்தான் 2018-ல் வந்த '60 வயது மாநிறம்' படம். பிரகாஷ்ராஜ் அப்பாவாக நடித்திருந்தார். நிஜத்தில் தேட ஆரம்பிக்கும்முன் செய்யவேண்டியவை:

- சட்டைப் பையில், பர்ஸில் பெயரும் பிள்ளைகளின் மொபைல் எண்ணும் எழுதிய அட்டை. கழற்ற மறக்கும் ஒரு வளையத்திலோ டாலரிலோ எண் பொறித்தால் இன்னும் நல்லது.
- மொபைலில் சமீபத்திய முழு உருவப் படம்.
- வாட்ச்மேன், பால்காரர், அயர்ன்காரர், மெடிக்கல் ஷாப், ஆட்டோ ஸ்டாண்டு எல்லோரிடமும் சொல்லிவைப்பது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காணவில்லை என்றால் உடனே 100 அல்லது 112. '24 மணி நேரம் கழித்துத்தான் புகார் வாங்குவாங்க' என்பது தவறான நம்பிக்கை, அப்படி ஒரு சட்டம் இல்லை. தேடும்போது பழைய இடங்களை மறக்காதீர்கள்: முன்பு வேலை பார்த்த ஆபீஸ், முன்பு குடியிருந்த தெரு, தினமும் போன கோயில், வழக்கமாக ஏறும் பஸ் ரூட்.

பார்த்துக்கொள்பவரை யார் பார்த்துக்கொள்வது?

இந்தப் பொறுப்பு பெரும்பாலும் ஒரு பெண்ணின் மேல் விழுகிறது: மனைவி, மகள், மருமகள். ராத்திரித் தூக்கம் கிடையாது, வெளியே போக முடியாது, நன்றி சொல்லக்கூட அவருக்கு ஞாபகம் இருக்காது.

இதில் தென்சென்னைக்கே உரிய ஒரு சண்டை உண்டு. ஒரு பிள்ளை இங்கே, இன்னொரு பிள்ளை அமெரிக்காவில். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷ வீடியோ காலில் அம்மா சிரித்து, 'சாப்ட்டியா கண்ணா?' என்று கேட்டுவிடுவார். 'அம்மா நல்லாத்தானே இருக்கா, நீதான் பெரிசு பண்றே' என்று அங்கிருந்து பதில் வரும். பழகிய கேள்விகளைக் கேட்கும் திறன் கடைசிவரை இருக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் வரும்போது இரண்டு நாள் முழுதாக அம்மாவைத் தனியே பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணனோ அக்காவோ சொல்வது அப்போது புரியும்.

பேசி வைக்காவிட்டால் பெரிய குடும்பங்களும் தப்பாது. முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் அல்சைமரால் பாதிக்கப்பட்டிருந்தபோது, அவரை யார் கவனிப்பது, யார் வந்து பார்க்கலாம் என்ற தகராறு உச்ச நீதிமன்றம் வரை போனது.

அரசு என்ன செய்யவேண்டும்? உலக சுகாதார நிறுவனம் டிமென்ஷியாவுக்கான செயல்திட்டத்தை 2017-ல் ஏற்றது. பக்கத்து மாநிலமான கேரளா 2014-லேயே தனித் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் 2021 முதல் வீட்டுக்கே வருகின்றன. அந்தப் பணியாளர் வாசலில் நிற்கும் ஐந்து நிமிஷத்தில் ஞாபகம் பற்றியும் ரெண்டு கேள்வி கேட்டால், எத்தனையோ வீடுகளில் விஷயம் முன்கூட்டியே தெரியவரும்.

வராமல் தடுக்க முடியுமா?

முழுதாக முடியாது, ஆனால் வாய்ப்பைக் குறைக்கலாம். உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, அதிக மது, காது கேளாமை, பார்வைக் குறைவு, மன அழுத்த நோய், தனிமை, உடல் உழைப்பு இல்லாமை உட்பட 14 காரணங்களை 2024-ல் லான்செட் ஆணையம் பட்டியலிட்டது. இவற்றைச் சரிசெய்தால் உலகில் கிட்டத்தட்ட 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்பது அதன் கணிப்பு. 'காது மெஷின் போட்டா கிழவன் மாதிரி இருக்கும்' என்று அப்பா சொன்னால், இதைச் சொல்லிப் பாருங்கள்.

உதவிக்கு அழைக்க

- முதியோர் உதவி எண் (எல்டர்லைன்): 14567, காலை 8 முதல் இரவு 8 வரை
- டெலி மானஸ் மனநல ஆலோசனை: 14416, 24 மணி நேரமும். பார்த்துக்கொள்பவர்களும் அழைக்கலாம்
- மருத்துவ ஆலோசனை: 104
- அவசர உதவி: 112

அந்த மந்தைவெளி வீட்டில், பேப்பர்காரர் சொன்னதைக் கேட்டு மகன் இரண்டில் ஒன்று செய்யலாம். 'இனிமே காசை என்கிட்ட வாங்கிக்கோங்க' என்று சொல்லி, அப்பா கையில் இருந்த கடைசிக் கணக்கையும் எடுத்துக்கொள்ளலாம். பிரச்சினை மறுபடி மறைந்துவிடும். அல்லது அன்று சாயங்காலம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, 'பேங்க் விஷயம் ஒண்ணு கேக்கணும்பா' என்று பேச்சைத் தொடங்கிப் பார்க்கலாம். அப்பாவால் பதில் சொல்ல முடிகிறபோதே கேட்டுவிடுவது நல்லது.